தாத்தா ஜப்பான்காரன் காலத்து உளவாளியா? பினாங்கிலிருந்து அனுப்பப்பட்டவர்களின் காகிதங்களைத் தேடும் வழி

ராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பல வீடுகளில் இப்படி ஒரு பேச்சு உண்டு. “பெரிய தாத்தா மலேயாவில் இருந்தார். நீர்மூழ்கிக் கப்பலில் வந்தார். வெள்ளைக்காரன் பிடித்து உள்ளே போட்டான்.” அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்திருந்தபோது, அங்கிருந்த இந்தியர்கள் சிலருக்குப் பினாங்கில் உளவுப் பயிற்சி கொடுத்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்தப் பேச்சு அவர்களைப் பற்றியதாக இருக்கலாம். அவர் பட்டாளத்துக்காரர் அல்ல. கடைக் கணக்குப்பிள்ளையாகவோ தோட்டத்து எழுத்தரான கிராணியாகவோ பள்ளி ஆசிரியராகவோ இருந்திருப்பார். அதனால் பட்டாள எண் கிடையாது, படைப்பிரிவு கிடையாது, ஓய்வூதியப் புத்தகம்கூட இல்லாமல் போயிருக்கலாம்.

என் பாட்டியின் அண்ணன் அப்படிப்பட்டவர்தான். அவரைத் தேடப் போய் நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வரலாறு சொல்லப்போவதில்லை. எந்தக் காகிதம், எங்கே, என்ன செலவு, எத்தனை நாள் என்பது மட்டும்தான். எல்லோரும் முதலில் டெல்லிக்கோ லண்டனுக்கோ எழுதுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பத்து ரூபாயில் முடிகிற வேலை ஊரிலேயே இருக்கிறது.

1. முதலில் ஆண்டைப் பிடியுங்கள்

“நேதாஜி அனுப்பிய ஆள்” என்று வீட்டில் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலையில். பினாங்கில் பயிற்சி பெற்று நீர்மூழ்கியில் வந்த முதல் குழுக்கள் அதற்கும் முன்பே, 1942 செப்டம்பரில், கிளம்பிவிட்டன. வக்கம் அப்துல் காதரும் கூட்டாளிகளும் மலபாரின் தானூர்க் கரையில் இறங்கியது அந்த மாதக் கடைசியில்தான். வழக்கு நடந்து 1943 செப்டம்பர் 10-ல் சென்னைச் சிறையில் காதர் உட்பட நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். ஆகவே உங்கள் ஆள் 1942-ல் வந்தவர் என்றால் ‘ஆசாத் ஹிந்த் அரசு’ என்று தேடிப் பயனில்லை. அந்த அரசே 1943 அக்டோபர் 21-ல்தான் அறிவிக்கப்பட்டது. 1942-க்கு ‘இந்திய சுதந்திரச் சங்கம்’, அதாவது இந்தியன் இண்டிபெண்டன்ஸ் லீக் என்றும், பினாங்கில் அந்தச் சங்கம் நடத்திய ‘சுயராஜ் இன்ஸ்டிட்யூட்’ என்றும் தேடுங்கள்.

ஆண்டு தெரியாவிட்டால் கல்யாணம், பிள்ளை பிறப்பு, வீட்டில் நடந்த சாவு ஆகியவற்றோடு ஒட்டிப் பாருங்கள். “சின்ன அத்தை பிறந்தபோது அவர் ஜெயிலில் இருந்தார்” என்று ஒரு கிழவி சொன்னால் போதும், கிட்டத்தட்ட ஆண்டு வந்துவிடும். வயதானவர்களிடம் “என்ன வருஷம்?” என்று கேட்காதீர்கள். “அப்போது வீட்டில் வேறு என்ன நடந்தது?” என்று கேளுங்கள்.

வந்த வழியையும் கேளுங்கள். எல்லோரும் கடல் வழியாக வரவில்லை. சிலரைப் பர்மா எல்லை வழியாகத் தரையிலேயே அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நீர்மூழ்கிக் கதைதான். காகிதத்தில் அவர் நடந்தே வந்திருந்தார்! கடலில் வந்தவர் என்றால் இறங்கிய கரை எந்த மாகாணம் என்பது முக்கியம். தானூர் அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். ஆகவே கோப்பு சென்னைக்கு வரும். குஜராத்தின் கத்தியவார்ப் பக்கம் இறங்கியவர்களுக்கும் பர்மா எல்லையில் பிடிபட்டவர்களுக்கும் சென்னை எழும்பூர்க் காப்பகத்தோடு டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலையும் பாருங்கள்.

2. வீட்டுப் பெட்டி

தேட வேண்டியவை: 1972-ல் தியாகிகளுக்குக் கொடுத்த தாமிரப் பட்டயம், ஓய்வூதிய ஆணை எண் உள்ள எந்தத் துண்டுச் சீட்டும், கருவூலத்துக்கு எழுதிய கடித நகல், மலேயாவிலிருந்து வந்த மணியார்டர் ரசீது, கப்பல் டிக்கெட், பழைய பாஸ்போர்ட். ‘ரஜுலா’ கப்பலின் சீட்டு பல வீடுகளில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும்.

இவற்றைவிட உதவுகிற ஒன்று உண்டு. “சிறை ஆவணம் கிடைக்கவில்லை” என்று அரசு கொடுத்த சான்றிதழ். தியாகி ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டபோது சிறைப் பதிவேடு கிடைக்காதவர்கள் இந்தச் சான்றிதழையும், உடன் சிறையில் இருந்தவர்களின் சான்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ‘இல்லை’ என்று சொல்கிற காகிதம்தானே என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். எந்தச் சிறை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அதில் எழுதியிருக்கலாம்.

எதையும் லேமினேட் செய்யாதீர்கள். கைப்பேசியில் இருபக்கமும் படம் எடுத்து, அசலைக் காகித உறையில் போட்டு வையுங்கள்.

3. ஓய்வூதியக் கோப்புக்குத் தகவல் உரிமை மனு

என் தேடலில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் கிடைத்தது இங்கேதான். மத்திய அரசின் தியாகி ஓய்வூதியம் 1972-ல் தொடங்கியது. 1980-ல் விதிகளைத் தளர்த்தினார்கள். இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ. காரர்களும் அதில் வருவார்கள். மனுப் போட்டவர் தன் கதையைத் தானே எழுதிக் கொடுத்திருப்பார். மனு நிராகரிக்கப்பட்டிருந்தாலும் கோப்பு கோப்புதான். சொல்லப்போனால் நிராகரித்த கோப்பு இன்னும் தடிமனாக இருக்கும், விசாரணை மேல் விசாரணை நடந்திருக்கும் அல்லவா!

இரண்டு மனு போடுங்கள். ஒன்று மத்திய உள்துறை அமைச்சகத்தின் விடுதலைப் போராட்ட வீரர்கள் பிரிவுக்கு. இன்னொன்று தமிழ்நாடு தலைமைச் செயலகம், பொதுத்துறையில் அரசியல் ஓய்வூதியம் பார்க்கும் பிரிவுக்கு. மாநில ஓய்வூதியம் மட்டும் வாங்கியவர் என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒன்று.

கட்டணம் மனுவுக்கு 10 ரூபாய். தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசுக்கு இணையத்திலேயே கட்டலாம். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் காத்திருந்து சோம்பிவிடாதீர்கள், நாள் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து.

இங்கே மூன்று இடங்களில் தடுக்கி விழ வாய்ப்பு உண்டு.

“என் தாத்தா பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்” என்று எழுதினால் ஒன்றும் வராது. ‘இன்னார், தந்தை பெயர் இன்னது, இந்த ஊர், தியாகி ஓய்வூதிய மனு மற்றும் இணைப்புகள், குறிப்புத் தாள்கள் உட்பட’ என்று கேளுங்கள். குறிப்புத் தாள் என்றால் அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட பக்கம். விஷயமே அங்கேதான் இருக்கும்.

“இது தனிநபர் தகவல், தர முடியாது” என்று பதில் வரலாம். சட்டத்தின் 8(3) பிரிவைப் படித்துவிட்டு மேல்முறையீடு செய்யுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு என்றால் மூன்று விலக்குகளை மட்டுமே காட்டி மறுக்க முடியும். தனிநபர் தகவல் அந்த மூன்றில் இல்லை. வாரிசு என்பதற்கான சான்றின் நகலையும் இணைத்துவிட்டால் பேச்சுக்கு இடமிருக்காது.

உளவு பற்றிய விஷயம் என்பதால் நேரே உளவுத்துறைக்கே மனுப் போடலாமே என்று தோன்றும். இன்டெலிஜென்ஸ் பீரோ தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்ற அமைப்பு. தபால் செலவுதான் மிச்சம்.

4. பெயர்ப் பட்டியல் தயாரியுங்கள்

ஆவணக் காப்பகம் எதற்கும் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள். ஆங்கிலத்தில் தட்டெழுதியவன் காதில் விழுந்ததை எழுதியிருப்பான். ராமசாமி ஒருவருக்கே ‘ஸ்வாமி’, ‘சாமி’, ‘சுவாமி’ என்று மூன்று எழுத்துக்கூட்டல். தேவர், தேவன், சேர்வை எல்லாம் வந்து போகும். மலேயாக் காகிதத்தில் இனிஷியல் இருக்காது. ‘இன்னார் மகன்’ என்று தந்தை பெயர் பின்னால் வரும். சென்னைக் காகிதத்தில் அதே தந்தை பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும்.

உளவாளி என்றால் இன்னொரு தொல்லை, புனைபெயர். போலீஸ் காகிதங்களில் ‘என்கிற’ என்பதற்கு @ குறி போடுவார்கள். இன்று மின்னஞ்சலில் பார்க்கிற அதே சுழி. எங்கள் ஆளுக்கு அந்தச் சுழிக்குப் பிறகு ஒரு முஸ்லிம் பெயர் இருந்தது. வீட்டில் ஒருவரும் கேள்விப்பட்டதே இல்லை. அந்தப் பெயரில் மறுபடி தேடியபோதுதான் அடுத்த கோப்பு வந்தது. ஆகவே எந்தக் கோப்பில் எந்தப் பெயர் கிடைத்தாலும் பட்டியலில் சேர்த்து, முன்பு பார்த்த இடத்திலெல்லாம் திரும்பத் தேடுங்கள்.

பெயருக்கு அடுத்தபடியாக உதவுவது ஊர். அதையும் அன்றைய எழுத்துக்கூட்டலில் வைத்துக்கொள்ளுங்கள்: ‘ராம்நாட்’, ‘டாஞ்சூர்’, ‘நெகபட்டாம்’.

5. எழும்பூர்

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் சென்னை எழும்பூரில், காந்தி இர்வின் சாலையில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆய்வுக் கூடத்தில் உட்கார அனுமதி வாங்க வேண்டும். அடையாள அட்டை, என்ன தேடுகிறீர்கள் என்று விளக்கும் கடிதம் இரண்டும் கட்டாயம் கொண்டு போங்கள். தெரிந்த பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் கையில் இருந்தால் வேலை லேசாகும். வெளியூர்க்காரர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு ரயில் ஏறுவது நல்லது.

கேட்க வேண்டியவை: பொதுத்துறை, உள்துறை அரசாணைகளின் 1942 முதல் 1946 வரையிலான அட்டவணைத் தொகுதிகள். அதோடு ‘அண்டர் செக்ரட்டரி சேஃப் சீக்ரெட் ஃபைல்ஸ்’ என்ற ரகசியக் கோப்பு வரிசை. இந்தப் பெயரை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். சாதாரண அட்டவணையில் உங்கள் ஆள் இல்லையென்றால் இங்கே இருக்க வாய்ப்பு உண்டு. மாகாண அரசு பதினைந்து நாளுக்கு ஒருமுறை டெல்லிக்கு அனுப்பிய அறிக்கைகளையும் பாருங்கள். தனி ஆள் பெயர் வராவிட்டாலும் எந்த வாரத்தில் எங்கே பிடித்தார்கள் என்பது தெரியும்.

வழக்கு நடந்தது என்றால் நீதிமன்றப் பதிவறைக்கு ஓட வேண்டாம். இந்த வழக்குகள் 1943-ல் வந்த ‘எதிரி முகவர்கள் அவசரச் சட்டம்’, எனிமி ஏஜென்ட்ஸ் ஆர்டினன்ஸ், என்பதன் கீழ் தனி நீதிபதியிடம், மூடிய கதவுக்குள் நடந்தவை. சாதாரண செஷன்ஸ் கோர்ட் பதிவேட்டில் தேடி நாளைக் கழிக்காதீர்கள். அவசரச் சட்டத்தின் பெயரைச் சொல்லி அரசாணை அட்டவணையில் தேடுங்கள். பத்திரிகையில் வந்திருக்கும் என்று நூலகத்தில் பழைய நாளிதழைப் புரட்டுவதும் வீண். அந்தக் காலத்துத் தணிக்கை அப்படி.

சென்னை மத்திய சிறைக்குப் போய்க் கேட்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த அந்தச் சிறை 2006-ல் புழலுக்கு மாறி, பழைய கட்டடம் 2009-ல் இடிபட்டுவிட்டது. சிறைப் பதிவேடு வேண்டுமென்றால் சிறைத்துறைக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள், நேரில் அலையாதீர்கள்.

6. டெல்லி, வீட்டிலிருந்தபடியே

தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் பெயர் பதிந்துகொண்டால் பட்டியலையும், ஸ்கேன் செய்த கோப்புகளையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பாதுகாப்பு அமைச்சகம் ரகசிய நீக்கம் செய்த 990 ஐ.என்.ஏ. கோப்புகளை 1997-ல் இந்தக் காப்பகத்துக்குக் கொடுத்தது. அதை ‘ஐ.என்.ஏ. பேப்பர்ஸ்’ என்று தனித் தொகுப்பாகத் தேடுங்கள். இன்னொன்று உள்துறையின் ‘ஹோம் பொலிட்டிகல் (இன்டர்னல்)’ வரிசை.

தேடுசொற்களை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். ‘ஐ.என்.ஏ.’ என்று மட்டும் அடித்தால் பட்டாளத்துக் கோப்பாக வந்து குவியும், அதில் உங்கள் கணக்குப்பிள்ளை இருக்க மாட்டார். ‘எனிமி ஏஜென்ட்ஸ்’, ‘ஜாப்பனீஸ் ஏஜென்ட்ஸ்’, ‘பினாங்’, ‘சப்மரீன்’, ‘இந்தியன் இண்டிபெண்டன்ஸ் லீக்’ என்று மாற்றி மாற்றி அடியுங்கள். வெள்ளைக்காரன் இவர்களுக்கு வைத்த ஏளனப் பெயர் ‘ஜிஃப்’. ஜப்பான் தூண்டிவிட்ட ஐந்தாம் படை என்பதன் சுருக்கம். போராளி, தியாகி என்று அவன் எழுதியிருக்க மாட்டான். ‘ஜிஃப்’ என்று தேடினால்தான் கதவு திறக்கிறது.

ஸ்கேன் ஆகாத கோப்புக்கு டெல்லி ஜன்பத்தில் உள்ள காப்பகக் கட்டடத்துக்கே போக வேண்டும். முதலில் கோப்பு எண்களை முழுப் பட்டியலாக எடுத்துக்கொண்டு, ஒரே பயணத்தில் முடிக்கிற மாதிரி போங்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் கைக்கு வந்துவிடும் என்று எண்ணித் திரும்பும் டிக்கெட்டை இறுக்கமாகப் போட்டுவிடாதீர்கள்.

7. விசாரணை அறிக்கையைப் படிக்கும் முன்

எங்கேயாவது ஒரு கட்டத்தில் ‘சி.எஸ்.டி.ஐ.சி.’ என்று தலைப்பிட்ட காகிதம் கைக்கு வரலாம். பிடிபட்டவர்களை விசாரித்த ராணுவ மையத்தின் பெயர் அது. உளவாளியின் வாழ்க்கையை முழுசாக எழுதி வைத்தவர்கள் அவரைப் பிடித்தவர்கள்தான். வீட்டில் யாருக்கும் அவர் சொன்னதில்லை.

எனக்குக் கிடைத்தது கார்பன் நகல். எழுத்து மங்கி, ஓரத்தில் யாரோ நீலப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். பிறந்த ஊர், அப்பா பெயர், எத்தனை வயதில் கப்பல் ஏறினார், எந்தக் கடையில் வேலை, யார் வந்து கூப்பிட்டார்கள், என்னென்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று வரிசையாக ஓடியது. கடைசியில் அவரிடமிருந்து எடுத்த பொருட்களின் பட்டியல்: கைலி இரண்டு, சவரக்கத்தி ஒன்று, மூக்குக்கண்ணாடி ஒன்று, இடுப்பில் கட்டியிருந்த ரூபாய் நோட்டுகள். மூக்குக்கண்ணாடி போட்ட படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. மாறுவேஷத்துக்கா, கண் பார்வைக்கா என்று இன்றுவரை எங்கள் வீட்டில் சண்டை.

இதைப் படிக்கும்போது இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். தூக்குக் கயிறு எதிரே தொங்கும்போது ஒரு மனிதன் சொன்ன வாக்குமூலம் இது. “கட்டாயப்படுத்தி அனுப்பினார்கள், கரையில் இறங்கியதும் சரணடைவதாகத்தான் இருந்தேன்” என்று பலரும் சொல்லியிருப்பார்கள். சிலருக்கு அது உண்மை. சிலருக்கு உயிர் பிழைக்கும் வழி. அதே ஆள் முப்பது வருஷம் கழித்து ஓய்வூதிய மனுவில் நேர்மாறாக எழுதியிருப்பார். ஓய்வூதிய மனுவும் ஒரு தேவைக்காக எழுதியதுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதி, ஊர், உடன் வந்தவர்கள் பெயர் எங்கெல்லாம் ஒத்துப்போகிறது என்று மட்டும் முதலில் குறியுங்கள். காரணங்களைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று கொஞ்சம் கசப்பானது. உங்கள் ஆள் உடன் வந்தவர்களைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அப்ரூவராக மாறியிருக்கலாம். பிரிட்டிஷ்காரனுக்கே வேலை பார்க்க ஒப்புக்கொண்டு, பழைய ஆட்களுக்குப் பொய்த் தகவல் அனுப்பியிருக்கலாம். அறிக்கையில் வேறு குடும்பத்து ஆட்களின் பெயர்கள் இருக்கும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பக்கத்து ஊரிலேயே இருக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்படியே படம் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். மற்றவர் பெயரை மறைத்துவிட்டுப் பகிருங்கள்.

‘வெள்ளை’, ‘சாம்பல்’, ‘கறுப்பு’ என்ற குறி கண்டால் திகைக்க வேண்டாம். ஐ.என்.ஏ. ஆட்களை எவ்வளவு ‘ஆபத்தானவர்’ என்று வகை பிரித்த முறை அது. அவர்கள் கணக்கில் கறுப்பு என்றால் கடைசிவரை மனம் மாறாதவர்.

8. லண்டன்

லண்டனின் கியூ என்ற பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘டிஸ்கவரி’ பட்டியலில் தேடக் காசு இல்லை. பார்க்க வேண்டிய வரிசைகள்: ராணுவ உளவுக்கு டபிள்யூ.ஓ. 208, தென்கிழக்காசியத் தலைமையகத்துக்கு டபிள்யூ.ஓ. 203, பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5-இன் தனிநபர் கோப்புகளுக்கு கே.வி. 2. உங்கள் ஆள் எதிர்ப்பக்கம், அதாவது பிரிட்டனின் ரகசியப் படையான ‘ஃபோர்ஸ் 136’-க்கு வேலை பார்த்தவர் என்றால் எச்.எஸ். 1, தனிநபர் கோப்புக்கு எச்.எஸ். 9. பதக்கம் கிடைத்தவர் என்றால் ‘லண்டன் கெஜட்’ இணையத்தில் இலவசம். மலேயாவில் பாப்பான் என்ற பெயருள்ள ஊரில் ஜப்பானை எதிர்த்த கெரில்லாக்களுக்கு மருந்தும் செய்தியும் கொடுத்து, ஜப்பானியரிடம் சித்திரவதைப்பட்ட தாதி சிபில் கார்த்திகேசு போன்றவர்களின் தடம் அந்த வழியில்தான் கிடைக்கும்.

வெளிநாட்டு உளவுத்துறையான எம்.ஐ.6-க்கு எழுதாதீர்கள். அவர்கள் தங்கள் கோப்புகளைத் திறப்பதில்லை.

எச்.எஸ். 9 கோப்பு ‘மூடப்பட்டது’ என்று காட்டினால் பயப்படத் தேவையில்லை. ஆள் பிறந்து நூறு ஆண்டு ஆகும்வரை உயிரோடு இருப்பதாக வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். இறப்புச் சான்றிதழை இணைத்துத் திறக்கக் கேட்கலாம். மூடிய கோப்புக்கான கோரிக்கைக்கு 30 வேலை நாள். ஆகவே இறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். இறப்பைப் பதியவே இல்லை என்றால் காலம் கடந்த பதிவுக்கு ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும், மாதக்கணக்கில் ஆகும். மலேசியாவில் இறந்தவர் என்றால் அங்குள்ள தேசியப் பதிவுத் துறையில் வாங்க வேண்டும்.

நகல் செலவுதான் கையைக் கடிக்கும். தபாலில் கேட்டால் கோப்பைப் பார்த்து மதிப்புச் சொல்வதற்கே தனிக் கட்டணம், பிறகு பக்கத்துக்கு இவ்வளவு என்று பவுண்டில் போகும். முந்நூறு பக்கக் கோப்பில் உங்கள் ஆள் இரண்டு பக்கம் இருப்பார். லண்டனில் உறவுக்காரப் பிள்ளை யாராவது படித்துக்கொண்டிருந்தால் கெஞ்சிக் கூத்தாடி அனுப்புங்கள். வாசகர் அட்டை இலவசம். அடையாளத்துக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என இரண்டு சான்று வேண்டும். கோப்பை முன்பதிவு செய்துவிட்டுப் போனால் கைப்பேசியிலேயே எல்லாப் பக்கத்தையும் காசில்லாமல் படமெடுக்கலாம். ஞாயிறும் திங்களும் விடுமுறை.

அதே பயணத்தில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்/பி.ஜே./12 என்பது இந்திய அரசியல் உளவுப் பிரிவின் வரிசை, எல்/டபிள்யூ.எஸ். போர்ப் பிரிவுடையது.

9. சிங்கப்பூரும் கோலாலம்பூரும்

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் ‘நியூஸ்பேப்பர் எஸ்.ஜி.’ தளத்தில் ஜப்பானிய ஆக்கிரமிப்புக் கால ‘ஷோனான்’ நாளிதழ் இலவசமாகக் கிடைக்கிறது. லீக் கிளைகளின் கூட்டங்கள், நன்கொடை கொடுத்தவர்கள் என்று ஊர்ப் பெயர்களோடு செய்திகள் வரும். பொது ஆளாக இருந்தபோது உங்கள் தாத்தா எங்கே நின்றார் என்பதை இங்கே பிடிக்கலாம். பயிற்சிக்குப் போனபின் பெயர் மறைந்துவிடும். அப்படி மறைகிற மாதத்தைக் குறித்துக்கொண்டால் மற்றக் கோப்புகளில் தேட வேண்டிய காலம் சுருங்கும்.

சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் அக்காலத்து இந்தியர்களின் பேட்டிகள் ஒலிப்பதிவாக உள்ளன. சில உடனே கேட்கலாம், சிலவற்றுக்கு அனுமதி கேட்டு எழுத வேண்டும். கோலாலம்பூரில் உள்ள மலேசியத் தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவில் கேட்க வேண்டியது 1945–46 பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகக் கோப்புகள், சுருக்கமாக பி.எம்.ஏ. அங்கே எழுதும் கடிதத்தில் ‘உளவாளி’ என்று போடாமல், ‘இந்தியன் இண்டிபெண்டன்ஸ் லீக் உறுப்பினர், இன்ன ஊர்க் கிளை’ என்று போடுங்கள். கிளைப் பெயரை வைத்துத்தான் அவர்களால் தேட முடியும்.